மருந்து இல்லாத பாதி

என் அக்கா கோழிகளோடு பேசிய அளவுக்கு மனிதர்களோடு பேசியதில்லை. சாந்தோமில் மாதா கோயிலுக்குப் பின்னால், கடற்காற்று மணலை வாசல்படி வரைக்கும் கொண்டுவந்து கொட்டும் ஒரு சந்தில் எங்கள் வாடகை வீடு இருந்தது. நான் பங்குப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டு, தொண்டை வறண்டு சாயங்காலம் வருவேன். கொல்லையிலிருந்து அவள் குரல் கேட்கும். யார் இன்றைக்கு முட்டையிடவில்லை, யார் யாரைக் கொத்தினாள், எந்தச் சேவலுக்குத் தலைக்கனம் ஏறிப்போயிற்று என்று ஒரு விசாரணையே நடக்கும். என்னைக் கண்டதும் வாயை மூடிக்கொள்வாள். நான் என்ன பேசினாலும் ஒரு வார்த்தையில் பதில் வரும். நான் கோழியாகப் பிறந்திருந்தாலாவது என்னோடு பேசியிருப்பாய் என்று நான் அடிக்கடி சீண்டுவேன். அதற்கும் சிரிப்புத்தான் பதில்.

அவள் கணவர், அதாவது என் மாமா, ஆழ்வார்பேட்டையில் ஒரு பங்களாவில் பட்லராக இருந்தவர். விஷக் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை கிடையாது. அந்த வீட்டு அம்மாள் அனுதாபப்பட்டு இரண்டு பெட்டைகளையும் ஒரு சேவலையும் கூடையில் வைத்துக் கொடுத்தனுப்பினாள். அக்கா அவற்றை அடித்துக் குழம்பு வைக்கவில்லை, வளர்த்தாள். சில வருஷங்களில் கொல்லை நிறைந்துவிட்டது. கூடையில் உமியைப் பரப்பி முட்டைகளை அடுக்கி, தலையில் சும்மாடு வைத்து, அடையாறு பங்களாக்களுக்கும் ஆழ்வார்பேட்டைக்கும் நடந்தே போவாள். மாம்பலத்து ஏரியைத் தூர்த்து தியாகராய நகர் என்று புதிதாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. அங்கேயும் இரண்டு மூன்று வீடுகளில் அவளுக்கு வாடிக்கை உண்டு. என் சம்பளம் வாடகைக்கும் துணிமணிக்கும் சரியாகப் போகும். அடுப்பு எரிந்தது கோழிகளால்தான். அதில் அவளுக்கு ஒரு வீம்பும் இருந்தது. எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம் அது. தங்கச்சி தலையில் ஒரு விதவை பாரமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று பெண் பார்க்க வருகிறவன் ஒருவன்கூட நினைக்கக் கூடாது என்பாள்.

நாகப்பட்டினத்தில் மாமாவின் அண்ணன் இருந்தார். அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்குத் தம்பி கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவதற்கென்று ரயிலேறி வந்தார். வந்த காரியம் அது மட்டுமல்ல. அவர் மனைவி பக்கவாதத்தில் படுத்தபடுக்கை. வீடு நிறையப் பிள்ளைகள். அக்கா வந்து வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். தனியாக இங்கே என்ன இருக்கிறது, நம் வீடு இருக்கும்போது முட்டைக் கூடையைச் சுமந்துகொண்டு தெருத்தெருவாகத் திரியலாமா என்று கேட்டார். நியாயமாகத்தான் பேசினார். கெட்டவராக இருந்தால் நான் ஒரு வார்த்தையில் வாசலைக் காட்டியிருப்பேன். நல்லவர்களைத்தான் விரட்ட முடிவதில்லை. ஆனால் அந்த வீட்டுக்குப் போனால் அக்கா காலம் முழுக்க அடுப்படியிலும் நோயாளியின் கட்டிலடியிலும்தான் கிடப்பாள் என்பது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

அக்கா தலை குனிந்தபடியே சொன்னாள்: "கோழிங்க கீற வரைக்கும் நான் எங்கயும் வரல."

அவர் கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தார். கிறிஸ்துமஸ் கழியட்டும், பிறகு பேசிக்கொள்வோம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கோழிகள்தான் அவளை அவள் வீட்டில் வைத்திருந்தன. அதற்கு மேல் அவளிடம் வேறு எதுவும் இல்லை.

சந்தில் எந்த வீட்டுக் கோழிக்குக் கழிச்சல் கண்டாலும் அக்காவைத்தான் தேடி வருவார்கள். அவளிடம் ஒரு மருந்து இருந்தது. கீழாநெல்லி, வேப்பிலை, மிளகு, சீரகம், சின்ன வெங்காயம், பூண்டு, நிறைய மஞ்சள். எல்லாவற்றையும் அம்மியில் மை போல அரைத்து, சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி, உப்பைத் தொட்டு, கோழியின் அலகைப் பிளந்து தொண்டைக்குள் தள்ளுவாள். கீழாநெல்லிக்கு அவள் போகிற இடம் கல்லறைத் தோட்டம். மழை பெய்தால் கல்லறைகளின் ஓரத்தில் அது மண்டிக் கிடக்கும். மாமாவின் கல்லறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பறித்து மடி நிறையக் கொண்டுவருவாள். அங்கே பறிப்பது எனக்குப் பிடிக்காது. செத்தவர்கள் தலைமாட்டுச் செடியா கோழிக்கு என்று கேட்டிருக்கிறேன். அவருக்குக் கோழி என்றால் பிடிக்கும் என்றாள். உயிருள்ள கோழியையா, வறுத்த கோழியையா என்று நான் கேட்டதற்கு அன்று மட்டும் கொஞ்சம் பலமாகவே சிரித்தாள்.

கிறிஸ்துமஸுக்குச் சில வாரங்களுக்கு முன், கேக்குக்காகப் பங்களாக்கள் முட்டைக்கு நச்சரிக்கிற நேரத்தில், அந்த நோய் வந்தது. இது பழைய கழிச்சல் அல்ல. காலையில் இரை தின்ற கோழி சாயங்காலம் இறக்கையைத் தொங்கப்போட்டு நிற்கும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கும். சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டு முகம் வானத்தைப் பார்க்கும். அந்தக் கழுத்தைப் பார்த்துவிட்டு என்னால் சோறு தின்ன முடியவில்லை. சந்தின் கோடியில் இருந்த உருது பேசும் பாய் வீட்டில் முதலில் வந்தது. தையற்காரர் அவர். பண்டிகை உடுப்புகளை விட்டுவிட்டு நாள் முழுக்கக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். பிறகு வீடு வீடாக வந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் அக்கா உருண்டை பிடித்துக் கொடுத்தனுப்பினாள். அவர்கள் கேட்டதே கோழி படுத்த பிறகுதான். எதுவும் எழுந்திருக்கவில்லை.

எங்கள் கொல்லைக்கு அது வருவதற்கு முன் டாக்டர் வந்தார். அடையாற்றில் அக்கா முட்டை கொடுக்கும் ஒரு பங்களா அம்மாள் சீமைக் கோழிகள் வளர்த்தாள், வெள்ளை வெளேரென்று. நோய் செய்தி கேட்டு அவள் பயந்துபோய், வேப்பேரியிலிருந்து ஒரு கால்நடை டாக்டரை அனுப்பி எங்கள் கொல்லையைப் பார்த்துவரச் சொல்லியிருந்தாள். இளவயசுக்காரர். கொல்லைக்குள் கால் வைக்கவில்லை, வேலிப் படலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். ஒரு கொல்லையை மிதித்த செருப்போடு இன்னொரு கொல்லையை மிதித்தால் நோயை நாமே சுமந்து போகிற மாதிரி என்றார். அக்கா அப்போது உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். அதில் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சிரிப்பார் என்று எதிர்பார்த்து நான் சண்டைக்குத் தயாராக நின்றேன். அவர் சிரிக்கவில்லை.

இந்த நோய்க்கு எங்கள் புத்தகத்தில் மருந்து இல்லை என்றார். நாட்டு மருந்து கொடுத்துப் பிழைத்தது என்று பல பேர் சொல்கிறார்கள். மருந்தால் பிழைத்ததா, பிழைக்கிற கோழி பிழைத்ததா என்று யாரும் பார்த்ததில்லை. பார்க்க ஒரு வழி உண்டு. கோழிகளை இரண்டாகப் பிரித்து, பாதிக்கு மருந்து கொடுக்க வேண்டும், பாதிக்குக் கொடுக்கக் கூடாது. மற்றபடி தீனி, தண்ணீர், கூடு எல்லாம் ஒன்றுபோல இருக்க வேண்டும். மருந்து தின்ற பாதி அதிகம் பிழைத்தால் இந்த மருந்தில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அப்படித் தெரிந்தால் அடையாற்று அம்மாளிடம் தானே பேசுவதாகச் சொன்னார். கோழிகளைப் பார்த்துக்கொள்ள அவளுக்கு ஓர் ஆள் வேண்டும். பங்களாவுக்குப் பின்னால் தங்குவதற்கு ஓர் அறையும் இருக்கிறது.

எனக்குச் சட்டென்று எல்லாம் கூடிவந்த மாதிரி இருந்தது. நாகப்பட்டினத்துக்காரர் வந்தாலும் சொல்வதற்குப் பதில் இருக்கும். நான் வேறு கணக்கு வாத்தியாரம்மா. அவர் சொன்ன முறை எனக்கு அப்படியே விளங்கிவிட்டது. அக்காவைப் பார்த்தேன். அவள் சரி என்று தலையை ஆட்டினாள். எதற்கு ஆட்டுகிறோம் என்று அவளுக்கு அப்போது தெரிந்திருக்காது. கோழிகள் எல்லாம் துள்ளிக்கொண்டிருந்தன.

கொல்லையில் இருந்த இரண்டு கூடுகளுக்கும் நடுவில் நானே தென்னந்தடுக்கு வைத்துக் கட்டினேன். மருந்து உண்டு என்றால் காலில் சிவப்பு நூல், இல்லை என்றால் வெள்ளை நூல். எது எந்தப் பக்கம் என்று அக்கா தேர்ந்தெடுக்கக் கூடாது என்றார் டாக்டர். அதனால் நான் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தேன். அவள் மடியிலேயே தூங்குகிற சாம்பல் நிறப் பெட்டை வெள்ளைக்குப் போயிற்று. நூலை மட்டும் இறுக்காமல் கட்டு என்றாள் அக்கா.

அந்த வாரமே நோய் படலைத் தாண்டி வந்தது. இரண்டு பக்கமும் வந்தது. காலையில் நான் பள்ளிக்கூடம் போகும்போது அக்கா அம்மியடியில் இருப்பாள். திரும்பி வந்தாலும் அம்மியடியில்தான் இருப்பாள். புடவை முந்தானை மஞ்சளாகிப்போயிருக்கும். செத்தவற்றைப் புதைத்து மேலே சுண்ணாம்பு போடுவது என் வேலை. டாக்டர் வந்து படலுக்கு வெளியே நிற்பார். சிவப்பில் எத்தனை, வெள்ளையில் எத்தனை என்று நான் சொல்லுவேன். அக்கா முதுகைக் காட்டி நின்று ஏதாவது கழுவிக்கொண்டிருப்பாள். சாம்பல் பெட்டை படுத்துப் பிறகு எழுந்துகொண்டது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. வெள்ளை நூல்காரி நீ ஏன் எழுந்தாய் என்று அதையே கேட்டேன்.

கிறிஸ்துமஸுக்குள் நோய் ஓய்ந்தது. சந்தில் எங்கள் கொல்லையைத் தவிர ஒரு வீட்டிலும் சேவல் கூவவில்லை. எங்களிடம் கொஞ்சம் மிஞ்சியது. சிவப்பில் எத்தனை மிஞ்சியதோ, வெள்ளையிலும் ஏறக்குறைய அத்தனை.

டாக்டர் படலுக்கு வெளியே நின்றபடியே இரண்டு பக்கத்தையும் மறுபடி எண்ணிப் பார்த்தார். கடற்காற்று காரணமாக இருக்கலாம் என்றார், அல்லது இவை நோய் தாங்கும் கெட்டி வம்சக் கோழிகளாக இருக்கலாம். மருந்து கொடுத்ததும் கொடுக்காததும் ஒன்றுபோலவே பிழைத்திருக்கும்போது, மருந்தால் என்று தான் எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்டார். நான் கத்தினேன். சந்து முழுக்கச் செத்துக் கிடக்கிறது, இங்கே மட்டும் பிழைத்திருக்கிறது, கண் இல்லையா என்றேன். அவர் கோபப்படவில்லை. வெள்ளை நூல் கோழிகளைக் காட்டி, இவற்றுக்கும் மருந்தா கொடுத்தீர்கள் என்று மெதுவாகக் கேட்டார். அக்கா உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் வெள்ளைப் பக்கத்தில், நோயில் படுத்துத் தேறாமலே இருந்த கடைசிக் கோழி செத்துக் கிடந்தது. புதைக்கத் தூக்கினேன். அலகு திறந்தபடி விறைத்திருந்தது. வெளியே சுத்தமாகத்தான் இருந்தது. உள்ளே நாக்கு மஞ்சள்.

அதைக் கையில் பிடித்தபடியே அடுப்படிக்குப் போனேன். அக்கா பார்த்தாள். மறைக்கவில்லை.

"ரெண்டு பக்கமும் கொடுத்தியா?"

"ஆமா. கொடுத்துட்டு அலகைத் தொடைச்சுடுவேன்."

"எப்பலேர்ந்து?"

"சாம்பலு கழுத்தைத் தொங்கப்போட்டப்போ." அடுப்பை ஊதிவிட்டுத்தான் மேலே சொன்னாள். "மருந்து கையில கீது. அது வாயைத் தெறந்துக்கினு என்னையே பாத்துக்கினு கீது. உனக்கு இல்லன்னு அதுக்கு எப்டிடீ சொல்றது? ஒண்ணுக்குக் கொடுத்துட்டு மத்ததுக்கு எப்டி இல்லங்கறது?"

நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். நீ நாசமாக்கியது கோழியை அல்ல, உன்னையே என்றேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்தில் அவளைப் பிடித்து உலுக்கலாமா என்றிருந்தது. அவள் அழுதிருந்தால் நான் நிறுத்தியிருப்பேன். அவள் அழவில்லை.

அன்றைக்கே வேப்பேரிக்குப் போனேன். டாக்டரைத் தேடிப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. ஏமாற்றினாள் என்று ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அப்படியானால் நாம் பார்த்தது ஒன்றுமே இல்லை என்று ஆகிறது, மருந்து நல்லதாகவும் இருக்கலாம், வெறும் பச்சிலையாகவும் இருக்கலாம் என்றார். திருவான்மியூர்ப் பக்கம் நோய் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. அங்கே ஒருவரிடம் கோழிகளைக் கேட்டு வாங்கி, அம்மாளின் கோழிகளுக்குத் தொற்றாதபடி கூட்டை அடையாற்று பங்களாவுக்குத் தூரத்தில் வைத்து மறுபடி செய்வோம் என்றார். அக்காதான் மருந்து அரைக்க வேண்டும், அக்காதான் கொடுக்க வேண்டும், இந்தத் தடவை பாதிக்கு மட்டும். அம்மாளிடம் அறையைக் கொஞ்ச நாள் காலியாக வைத்திருக்கச் சொல்லுகிறேன் என்றும் சொன்னார். எழும்பூர் வரைக்கும் நடந்தது எனக்கு நினைவில்லை. போன சந்தோஷம் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து மூச்சு வாங்கச் சொன்னேன். அக்கா முழுவதையும் கேட்டாள். அடையாற்று அறையைப் பற்றிச் சொன்னபோது அவள் கண் ஒரு கணம் எங்கேயோ போயிற்று. அந்த அறையை அவள் பார்த்திருக்கிறாள். முட்டை கொண்டுபோகும்போது அதன் படியில்தான் உட்கார்ந்து களைப்பாறுவாளாம். பக்கத்தில் ஒரு முருங்கை மரம் இருக்கிறதாம். என்னிடம் தானாக அவள் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

பிறகு கேட்டாள்: "எந்தப் பாதியை உடணும்?"

எந்தப் பாதியாக இருந்தால் என்ன என்றேன். அவை நம் கோழிகள்கூட இல்லை என்றேன். இதனால் நாளைக்கு ஊரில் உள்ள கோழியெல்லாம் பிழைக்கலாம் என்றும் சொன்னேன். நான் சொன்னது தப்பில்லை. டாக்டர் சொன்னதும் தப்பில்லை. இன்றைக்கும் அந்த முறையில் ஒரு குற்றமும் எனக்குத் தெரியவில்லை. அப்படிப் பார்க்காமல் எந்த மருந்தையும் நம்ப முடியாதுதான்.

"நீ சொல்றது சரிதான்" என்றாள் அக்கா. "வேற யாருனா செய்யட்டும். என் கையால ஆவாது."

வேறு யார் செய்தாலும் அந்த அறை அக்காவுக்கு இல்லை. அது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள். இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. அவளுக்கு அது பெரிய தண்டனையாக இருந்திருக்காது.

ஜனவரி பிறந்து, மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு மறுநாள் நாகப்பட்டினத்துக்காரர் வந்தார். கொல்லையைப் பார்த்தார். மிஞ்சியவற்றில் பாதிக்கு மேல் நோயில் அடிபட்டு முட்டை வைக்க முடியாதவை. கழுத்து கோணியது ஒன்று, கால் இழுத்தது ஒன்று என்று நின்றன. பங்களாக்காரர்களும் நோய் வந்த வீட்டு முட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டிருந்தார்கள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலிருக்கும் நல்ல குணம் அவருக்கு இருந்தது. அக்கா தன் துணிகளை ஒரு டிரங்குப் பெட்டியில் அடுக்கினாள். அம்மியை எனக்கு விட்டாள்.

எழும்பூரில் ரயிலேற்றப் போனேன். அவர் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் மறுபடி ஆரம்பித்தேன். அடக்க முடியவில்லை. சொன்னபடி பாதிக்கு மட்டும் கொடுத்திருந்தால் இந்நேரம் அடையாற்றில் இருந்திருப்பாய் என்றேன்.

அக்கா என் கையின்மேல் தன் கையை வைத்தாள். விரலிடுக்கில் மஞ்சள் இன்னும் போகவில்லை.

"இருந்திருப்பேன்டீ" என்றாள். "தெனம் காத்தால எழுந்து அந்தப் பாதியை நெனச்சுக்கினு இருந்திருப்பேன்."

கோழிகளுக்கு நேரத்துக்குத் தண்ணீர் வை என்றாள். வண்டி நகர்ந்தது.

வீட்டுக்கு வந்தபோது இரை வைக்கும் நேரம் தாண்டிவிட்டிருந்தது. கொல்லைக் கதவைத் திறந்ததும் எல்லாம் அக்கா என்று நினைத்து ஓடிவந்தன. கோணல் கழுத்துக்காரியும் ஓடி வந்தாள். நான் என்று தெரிந்ததும் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டன. நொய்யை வீசினேன். அவை குனிந்து கொத்தும்போது அந்தக் கால்கள் என் கண்ணில் பட்டன, சிவப்பும் வெள்ளையுமாக. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அம்மியடியில் உட்கார்ந்து அழுதேன்.

பிறகு உள்ளே போய்க் கத்தரிக்கோலை எடுத்துவந்து, ஒவ்வொன்றாகப் பிடித்து நூலை அறுத்தேன். சாம்பல் பெட்டையை மடியில் வைத்துக்கொண்டு கடைசியாக அறுத்தேன். நடுவில் கட்டியிருந்த தடுக்கையும் பிரித்துப் போட்டேன். அவை கலந்துகொண்டன. பொழுது சாய்வதற்குள் எது எந்தப் பாதி என்று எனக்கே தெரியவில்லை.